ஒரே கல்யாணம், நாலு மொழிப் பத்திரிகை

பத்திரிகையை எத்தனை மொழியில் அடிப்பது என்ற பேச்சு வந்ததுமே, யார் யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள். எண்ணவேண்டியது யாருக்கு எந்த எழுத்து படிக்கத் தெரியும் என்பதைத்தான். ராஜபாளையத்திலும் கோவைப் பக்கத்திலும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது, படித்ததெல்லாம் தமிழில். மதுரைச் சௌராஷ்டிரர்களும் அப்படித்தான்; அந்த மொழிக்கென்று தனி எழுத்தே இருந்தும் பத்திரிகை தமிழில்தான் அச்சாகிறது. பாலக்காட்டில் பிறந்து வளர்ந்த தமிழர் பலருக்கு மலையாள எழுத்துதான் சரளம். மும்பை மாதுங்காவிலோ தாராவியிலோ இரண்டு தலைமுறையாக இருப்பவர்களின் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். படிப்பது இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும்.

ஆகவே விருந்தினர் பட்டியலில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் மூத்தவர் படிக்கும் எழுத்து, இளையவர் படிக்கும் எழுத்து. அச்சிட்ட பத்திரிகை மூத்தவருக்கு, வாட்ஸ்அப்பில் போகும் பிடிஎஃப் இளையவருக்கு. எண்ணிக்கை தலைக்கு இல்லை, வீட்டுக்கு. இப்படிப் பிரித்துப் பார்த்தால், நாலு மொழி வேண்டும் என்று ஆரம்பித்தது பெரும்பாலும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த ஒன்று, சம்பந்தி வீட்டு மொழியில் ஒன்று, பிடிஎஃப்பாக மட்டும் ஒன்றோ இரண்டோ என்று வந்து நிற்கும். ஒரு மொழியில் 25 வீட்டுக்குக் குறைவாக இருந்தால் அச்சடிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அந்தக் காசை இன்னொரு வேளைச் சாப்பாட்டில் போடலாம்.

மொழி முடிவானதும் அடுத்த தவறு ஆரம்பிக்கும். தமிழ்ப் பத்திரிகையை முதலில் எழுதி முடித்து, அதை அப்படியே ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள், அல்லது கூகுளில் போடுவார்கள். பத்திரிகை என்பது ஒவ்வொரு மொழியிலும் நூறு வருஷமாகத் தேய்ந்து பளபளத்த வாசகம். ‘சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்’ என்பதைத் தெலுங்கில் சொல்லுக்குச் சொல் கொண்டுபோனால் இலக்கணம் சரியாக இருக்கும், பத்திரிகையாக இருக்காது. அங்கே அந்த இடத்தில் ‘மதர்ப்பித சந்தன தாம்பூலாதி சத்காரமுலு கைகொன ப்ரார்த்தன’ என்று வரும். நாங்கள் அளிக்கும் சந்தனம், தாம்பூலம் முதலிய மரியாதைகளை ஏற்கவேண்டும் என்று பொருள். மலையாளத்தில் ‘சகுடும்பம் க்ஷணிச்சுகொள்ளுன்னு’ (குடும்பத்தோடு வர அழைக்கிறோம்) என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். இந்தியில் ‘சபரிவார் பதார்கர்’ (குடும்பத்தோடு வந்து) என்று தொடங்கி மணமக்களுக்கு ஆசீர்வாதம் கேட்பார்கள். நம் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று உறவினர் பெயர்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் இந்தியில் ‘தர்ஷனாபிலாஷி’, தெலுங்கில் ‘பந்துமித்ருல அபிநந்தனலதோ’.

எனவே மொழிபெயர்ப்பாளரிடம் பத்திரிகையைக் கொடுக்காதீர்கள். விவரத்தாள் ஒன்றைக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். மணமக்கள் பெயர், இருபக்கமும் பெற்றோர், பாட்டன் பாட்டி, அவர்களில் யார் உயிரோடு இல்லை, மணமகன் எத்தனையாவது பிள்ளை, மணமகள் எத்தனையாவது பெண், சொந்த ஊர், நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத் தேதி, கிழமை, நேரம், இடம், தொலைபேசி எண். இத்துடன் அந்த மொழியில் உண்மையாக அச்சான, அதே சமூகப் பழக்கத்தை ஒட்டிய பழைய பத்திரிகை இரண்டை வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். எழுதுபவர் அந்த வார்ப்பில் நம் விவரத்தை வைத்து எழுதிக்கொடுப்பார். சம்பந்தி வீட்டில் பத்திரிகை எழுதிப் பழகிய ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். பட்டம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைவிட அவர் மேல்.

விவரத்தாளில் தமிழில் ‘பேரன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. மகன் வயிற்றுப் பேரனா, மகள் வயிற்றுப் பேரனா என்று குறித்துவிடுங்கள். இந்தியில் போதா, நாதி என்று பெயரே மாறும். சித்தப்பா, மாமா, பெரியம்மா எல்லோருக்கும் இதே விதி: ‘அம்மாவின் அண்ணன்’, ‘அப்பாவின் தங்கை கணவர்’ என்று உடைத்து எழுதுங்கள்.

மறைந்தவர்கள் விஷயத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் வீட்டில் பெரிய மனஸ்தாபம் ஆகிவிடும். தமிழில் ‘தெய்வத்திரு’ அல்லது ‘அமரர்’, தெலுங்கில் ‘கீ.சே.’, மலையாளத்தில் ‘பரேதனாய’, இந்தியில் ‘ஸ்வ.’, முஸ்லிம் வீடுகளில் ‘மர்ஹூம்’. தெலுங்கிலும் இந்தியிலும் இவை ஓரிரு எழுத்துச் சுருக்கங்கள் என்பதால் தட்டச்சில் உதிர்ந்துபோவது சுலபம். மணமக்களின் முன்னொட்டும் அப்படியே. நாம் திருவளர்செல்வன், திருநிறைச்செல்வி என்று எழுதுகிறோம். வீட்டில் இன்னும் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் ‘திருவளர்’, கடைசிக் கல்யாணமானால் ‘திருநிறை’ என்பது பொதுவழக்கு. தெலுங்கில் மணமகன் ‘சி.’, மணமகள் ‘சி.ல.சௌ.’, அதாவது சிரஞ்சீவி லக்ஷ்மீ சௌபாக்யவதி. இந்தியில் மணமகளுக்கு ‘ஆயுஷ்மதி’ அல்லது ‘சௌபாக்யகாங்க்ஷிணி’. வடக்கத்திப் பத்திரிகையில் சின்னப் பிள்ளைகள் மழலையில் ‘எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு ஜலூல் ஜலூல் வாங்க’ என்று அழைக்கும் வரி ஒன்று வரும். அதைத் தமிழில் பெயர்த்து நம் பத்திரிகையில் போட்டால் பாட்டிமார்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். அந்த மொழியில் மட்டும் இருக்கட்டும்.

பெயர்கள்

எல்லாவற்றிலும் அதிகம் தகராறு வருவது பெயர்களில். தமிழ்நாட்டில் ‘கவிதா’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி அசையில் டி-யுடன் ஹெச் சேர்ப்போம், டகரமாகிவிடாமல் இருக்க. அந்த ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு இந்தித் தட்டச்சர் அடித்தால் மூச்சு சேர்ந்த இரண்டாம் ‘த’ வந்து விழும். வடக்கில் அப்படி ஒரு பெயரே கிடையாது. லதா, கீதா, சுஜாதா எல்லாவற்றுக்கும் இதே கதி. ‘ழ’வை ஆங்கிலத்தில் இஸட்-ஹெச் போட்டு எழுதுகிறோமே, அதை இந்தியில் ‘ஜ’வின் மூச்சொலியாக அடித்துவிடுவார்கள், கனிமொழி ‘கனிமோஜி’ ஆவார். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ள’ போடுவதுதான் நடைமுறை. மலையாளத்தில் மட்டும் ‘ழ’வுக்கு நேர் எழுத்து உண்டு.

தமிழ் எழுத்தைப் பார்த்து அடித்தாலும் சிக்கல் உண்டு. ‘தனபால்’ என்பதில் முதல் எழுத்து தெலுங்கில் எந்த ‘த’ என்று தமிழ் வடிவம் சொல்லாது. அங்கே நாலு ‘த’ இருக்கிறது. ‘பாபு’வில் இரண்டு ‘ப’வும் அப்படியே. வழி ஒன்றுதான்: ஒவ்வொரு பெயரையும் உரியவர்கள் வாயால் சொல்லிக் குரல்பதிவாக அனுப்பவேண்டும், எழுதுபவர் அதைக் கேட்டு எழுதவேண்டும், எழுதியதை மீண்டும் படித்துக் குரலாகத் திருப்பி அனுப்பவேண்டும். பெயர்ப் பட்டியல் முழுதும் கால்மணி நேரத்தில் முடிகிற வேலை.

இனிஷியல் இன்னொரு சங்கதி. தெலுங்கில் ‘இண்டிபேரு’ என்னும் குடும்பப்பெயர் முன்னால் வரும், கேரளத்தில் வீட்டுப்பெயரும் சேரும், வடக்கில் குலப்பெயர் இல்லாவிட்டால் பெயர் பாதியில் நிற்பதுபோல் இருக்கும். நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்து. மற்ற மொழிகளில் இனிஷியலை விரித்துக் குலப்பெயராக ஆக்கிவிடாதீர்கள், ‘எஸ்.’ என்பதை அந்தந்த எழுத்தில் ‘எஸ்.’ என்றே விடுங்கள். இருக்கிற மொழிகளில் ஏதாவது ஒன்றில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், மணமக்களின் பெயர் ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போது பத்திரிகையையும் கேட்பார்கள்.

தேதி ஒன்று, வருஷம் ஐந்து

2026 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பத்திரிகையில் அது விசுவாவசு வருடம் பங்குனி மாதம். தெலுங்குப் பத்திரிகையில் பராபவ நாம சம்வத்சரம், சைத்ர மாசம், பஹுள பக்ஷம் (தேய்பிறை). ஏனென்றால் யுகாதி மார்ச் 19-ஆம் தேதியே வந்துவிட்டது, நம் சித்திரை பிறப்பதோ ஏப்ரல் 14-இல். மலையாளத்தில் கொல்லவருஷம் 1201, மீனம். இந்தியில் விக்ரம் சம்வத் 2083, வைசாக மாதம் கிருஷ்ண பக்ஷம். அதே விக்ரம் கணக்கில் குஜராத்தி வீட்டுக்கு இன்னும் 2082-தான், அவர்களுக்கு ஆண்டு தீபாவளிக்கு மறுநாள்தான் மாறும். ஐந்தும் சரி. தமிழைப் பார்த்து ‘விசுவாவசு, பங்குனி’ என்று மற்ற மொழிகளில் போட்டால்தான் தப்பு.

காரணம் தெரிந்துவிட்டால் குழப்பம் இல்லை. தமிழ் மாதமும் மலையாள மாதமும் சூரியனை வைத்து; ஆவணியும் சிங்ஙமும் ஒன்று, தையும் மகரமும் ஒன்று. ஆனால் சங்கராந்தி, அதாவது சூரியன் ராசி மாறுவது, எந்த வேளைக்குமேல் நடந்தால் மறுநாள் மாதப்பிறப்பு என்ற விதி இரண்டிலும் வேறு. தமிழில் சூரிய அஸ்தமனம் எல்லை, கேரளத்தில் பிற்பகலிலேயே எல்லை வந்துவிடும். அதனால் சில மாதங்களில் தேதி ஒன்று தள்ளி நிற்கும். தெலுங்கு, கன்னட மாதங்கள் அமாவாசையில் முடியும். வடக்கத்தி மாதங்கள் பௌர்ணமியில் முடியும். தேய்பிறையில் கல்யாணமானால் வடக்கில் மாதப்பெயர் ஒரு படி முன்னே ஓடும். மகா சிவராத்திரியைத் தெலுங்குப் பஞ்சாங்கம் மாக மாதத்திலும் இந்திப் பஞ்சாங்கம் பால்குனத்திலும் காட்டுவது இதனால்தான். ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைத் தனியாகப் பார்த்து எழுதவேண்டும். பார்க்க ஆள் இல்லையென்றால் பஞ்சாங்க வரியை விட்டுவிட்டு ஆங்கிலத் தேதியோடு நிறுத்துங்கள். தப்பாகப் போடுவதற்குப் போடாமலிருப்பது மேல்.

நட்சத்திரப் பெயரும் ஒலிபெயர்க்கிற விஷயமல்ல. நம் அவிட்டம் அங்கே தனிஷ்டா, சதயம் சதபிஷா, கேட்டை ஜ்யேஷ்டா, அனுஷம் அனுராதா. பூரம் தெலுங்கில் புப்பா, இந்தியில் பூர்வ பால்குனி. உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி மூன்றும் அங்கே உத்தரா என்றே தொடங்குவதால் பாதியில் நிறுத்தினால் எது என்று தெரியாது. உத்தர பால்குனி, உத்தராஷாடா, உத்தராபாத்ரா என்று முழுதாக எழுதுங்கள்.

நேரம் எழுதும்போது நள்ளிரவு தாண்டிய முகூர்த்தம்தான் ஆளைக் கவிழ்க்கும். தெலுங்குக் கல்யாணங்கள் பல ராத்திரியில் நடக்கும். பஞ்சாங்க நாள் சூரியோதயத்தில்தான் மாறும் என்பதால் அவர்கள் ‘ஞாயிறு இரவு 2.15’ என்று எழுதி, பக்கத்தில் ‘தெல்லவாரிதே சோமவாரம்’, விடிந்தால் திங்கள் என்று அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். தெலுங்கருக்குப் பழகிய வரி. அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘ஞாயிறு 2.15’ என்று மட்டும் கொண்டுவந்தால் பாதிப் பேர் ஒரு நாள் முன்னாலேயே நள்ளிரவில் வந்து மண்டபக் கதவைத் தட்டுவார்கள். ‘6-ஆம் தேதி திங்கள் அதிகாலை 2.15 (ஞாயிறு இரவு விடிந்தால் திங்கள்)’ என்று இரண்டு கணக்கையும் எழுதிவிடுங்கள். நம் பிரம்ம முகூர்த்தக் கல்யாணத்தில், காலை 4.30 முதல் 6 வரை என்னும்போது, தேதியோடு கிழமையையும் ‘அதிகாலை’ என்ற சொல்லையும் விடாதீர்கள்.

வரவேற்பு விஷயம் இதைவிட மோசம். தமிழ்நாட்டில் பல கல்யாணங்களில் வரவேற்பு முதல்நாள் மாலை. வெளியூர்க்காரர் யாரும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. கல்யாணம் முடிந்துதானே வரவேற்பு என்று எண்ணி டிக்கெட் எடுப்பார்கள். வேற்று மொழிப் பத்திரிகைகளில் வரவேற்பை மேலேயும் முகூர்த்தத்தை கீழேயும், நாள் வரிசைப்படி, கிழமையைத் தடித்த எழுத்தில் போட்டு, ‘முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை’ என்று ஒரு சொல்லும் சேர்க்கவேண்டும். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு போன்றவற்றுக்குப் பெயரை அப்படியே வைத்து அரைவரி விளக்கம் போதும். சாப்பாட்டு நேரத்தை நாம் அச்சிடுவதில்லை. காலை 6 மணிக்குத் தாலி கட்டுகிற கல்யாணத்துக்கு வடக்கிலிருந்து வருபவருக்கு டிபன் எப்போது, இலைச் சாப்பாடு எப்போது என்று ஒரு வரி இருந்தால் கும்பிடுவார்.

எழுத்துரு

வாசகம் கையில் வந்தபின் அதை அச்சகத்தில் கொடுக்கிறீர்கள். இங்கே பாதி உழைப்பு பாழாகும். நம் ஊர் டிடிபி கடைகளில் இன்னும் நிறைய இடத்தில் தமிழ் என்றால் பாமினி, செந்தமிழ், வானவில் அவ்வையார் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள். எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே தரமாக அறிவித்துவிட்டது, ஆனால் கடையில் இருக்கும் டிசைன் கோப்புகள் அதற்கு முந்தியவை. இதேபோல் தெலுங்கில் அனு, இந்தியில் க்ருதி தேவ், மலையாளத்தில் எம்எல்-டிடி கார்த்திகா, கன்னடத்தில் நுடி. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு. அதை அவர்கள் எழுத்துருவில் ஒட்டினால் குப்பையாகத் தெரியும். உடனே பார்த்து அடிக்கத் தொடங்குவார்கள். மொழி தெரியாதவர் பார்த்து அடிக்கும் தெலுங்கில் என்ன வரும் என்று சொல்லவேண்டியதில்லை. ‘யூனிகோடில்தான் வேலை, திரும்ப அடிக்கக்கூடாது’ என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

யூனிகோடு மட்டும் போதாது, மென்பொருளும் ஒத்துழைக்கவேண்டும். கோரல் டிராவில் எக்ஸ்6-க்கு முந்தைய பதிப்புகளில் இந்திய எழுத்து ஒழுங்காகச் சேராது. இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’ என்பது க தனியாக, கொம்பும் காலும் புள்ளி வட்டத்தைச் சுற்றித் தனியாக நிற்கும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மொழி தெரியவேண்டியதில்லை. பத்திரிகையில் கட்டாயம் வருகிற ‘முகூர்த்தம்’ என்ற ஒரு சொல்லே போதும். இந்தியில் அதன் ‘ர்’ அடுத்த ‘த’வின் தலைமேல் கொக்கியாக ஏறும். கன்னடத்தில் ‘த’வுக்குப் பின்னால் தனிக் குறியாக வந்து நிற்கும். தெலுங்கில் ‘ர’ முழுதாக நின்று அதன் காலடியில் ‘த’ ஒட்டு எழுத்தாக இறங்கும். மலையாளத்தில் சில்லெழுத்து ‘ர்’ வந்து பக்கத்தில் இரட்டை ‘த்த’ ஒரே உருவாகப் பின்னியிருக்கும். கைப்பேசியில் அந்தச் சொல்லை அடித்து, அச்சகத் திரையில் இருப்பதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருவம் மாறினால் மென்பொருள் அமைப்பு சரியில்லை என்று அர்த்தம்; மற்ற சொற்களும் உடைந்திருக்கும்.

தமிழிலும் இரண்டு கண்ணி உண்டு. ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ‘ஸ’ வைத்தும், பின்னால் சேர்ந்த ‘ஶ’ வைத்தும். சில எழுத்துருக்கள் ஒன்றைத்தான் கூட்டெழுத்தாகக் காட்டும், மற்றது உடைந்து நிற்கும். பத்திரிகையின் முதல் வரியே ‘ஸ்ரீ’ என்பதால் முதல் பார்வையிலேயே கண்ணில் படும். வருடத்துக்கும் மாதத்துக்கும் தேதிக்கும் பழைய சுருக்கக் குறிகளான ௵, ௴, ௳ வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டால், தேர்ந்த எழுத்துருவில் அவை இருக்கின்றனவா என்று முதலில் அடித்துப் பார்க்கவேண்டும். அழகு எழுத்துருக்கள் பலவற்றில் இல்லை, வெறும் கட்டம்தான் வரும்.

நாலு மொழியும் ஒரே குடும்பமாகத் தெரியவேண்டுமானால் ஒரே பெயரில் பல எழுத்துக்கும் செய்த எழுத்துருவை எடுங்கள். நோட்டோ செரிஃப் எல்லாவற்றிலும் கிடைக்கும், கொஞ்சம் புத்தகத்தனமாக இருக்கும். ஏக் டைப் செய்த அனேக் வரிசை தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், தேவநாகரி, ஆங்கிலம் என்று பொருந்தி வரும். அதே நிறுவனத்தின் பலூ வரிசை தடித்தது. பெயர்களுக்குப் பொருந்தும், வாசகத்துக்கு வேண்டாம். எல்லாம் இலவசம். அளவை எண்ணால் சமப்படுத்தாதீர்கள், கண்ணால் சமப்படுத்துங்கள்: 12 புள்ளி ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழ் 10.5 அல்லது 11 போதும், இல்லாவிட்டால் தமிழ் சத்தம் போடும். வரி இடைவெளி தமிழுக்கு எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் இன்னும் சற்றுக் கூட, ஒட்டெழுத்து கீழே தொங்கி அடுத்த வரியின் தலைக்கட்டை இடிக்கும் என்பதால். எண்கள் எல்லா மொழியிலும் 1, 2, 3 என்றே இருக்கட்டும், குறிப்பாகத் தொலைபேசி எண்.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருதுப் பத்திரிகை தேவைப்படுவோர் அந்த ஊரிலேயே இன்பேஜ் மென்பொருளில் அடித்து வாங்குவது உத்தமம். நஸ்தாலிக் எழுத்து சரிந்து இறங்குவதால் வரி உயரம் அதிகம் கேட்கும், அட்டை வலப்பக்கம் திறக்கவேண்டும். நம் அட்டையைத் திருப்பி மடித்தால் ஆயிற்று, முன்பக்கப் படம் எந்தப் பக்கம் வருகிறது என்று மட்டும் பாருங்கள். வேற்று மத வீடுகளுக்கும் அதே அட்டைதான் போகிறது என்றால் வெளியே குத்துவிளக்கோ பூக்கொடியோ வைத்துவிட்டு, பிள்ளையாரையும் குலதெய்வத்தையும் உள்தாளில் மேலே வைக்கலாம்.

அச்சு

ஒரே அட்டையில் மூன்று மொழியைத் திணிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். யாருக்கும் தன் மொழி எங்கே இருக்கிறது என்று உடனே தெரியாது. எழுத்தும் எட்டுப் புள்ளிக்கு இறங்கிவிடும். வெளியட்டையும் உறையும் பொது, உள்தாள் மட்டும் மொழிக்கு ஒன்று என்பதே சுலபம். வெளியட்டை 300 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு), உள்தாள் 130 முதல் 170 வரை. பெயர்களை வெளியட்டையில் போடவேண்டுமென்றால் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டு நிறுத்துங்கள்.

ஆயிரத்துக்கு மேல் ஆஃப்செட்டில் அடிப்பதானால் சிவகாசிக் காலண்டர்க்காரர்கள் கையாளும் வழி உண்டு. படத்தை மொத்தமாக அடித்துவைத்துக்கொண்டு கடைப்பெயரைப் பிறகு ஏற்றுவார்கள் அல்லவா, அதேபோல் அலங்காரத்தை எல்லாத் தாளிலும் ஒரே ஓட்டத்தில் அடித்துவிட்டு, எழுத்துக்கான பிளேட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவது. இதற்கு எழுத்து முழுதும் ஒரே மையில் இருக்கவேண்டும். கல்யாணப் பத்திரிகையில் கறுப்பு ஆகாது என்பார்கள். மெரூனோ கருநீலமோ கேட்பார்கள். அதை நாலு வண்ணத்தைக் கலந்து கொண்டுவந்தால் பிளேட் இம்மி நகர்ந்தாலும் மெல்லிய கோடுகள் இரட்டையாகத் தெரியும், மலையாளச் சுழிகளில் முதலில் தெரியும். தனி மெரூன் மையாக, ஸ்பாட் கலராகக் கேளுங்கள்.

25, 50, 100 என்றால் டிஜிட்டல். எஸ்ஆர்ஏ3 தாள் 320-க்கு 450 மில்லிமீட்டர். ஓரவெட்டுக்கு 3 மி.மீ. விட்டாலும் 5-க்கு 7 அங்குல உள்தாள் நாலு விழும், ஏ5 அளவிலும் நாலேதான் விழும். பிறகு எதற்குச் சின்னது? ஏ5 எடுங்கள், இடம் தாராளம். மேடுபள்ளமான தாளிலும் மினுமினுப்புத் தாளிலும் டோனர் பள்ளத்தில் ஒட்டாது. தெலுங்கு ஒட்டெழுத்துகள் புள்ளிபுள்ளியாக உதிரும். தங்க ஃபாயிலைப் பெரிய பெயர்களோடு நிறுத்துங்கள், சின்ன எழுத்தில் ஓட்டைகள் அடைந்துபோகும். கியூஆர் குறியை ஃபாயிலில் போடவே கூடாது, வெளிச்சம் பட்டால் கைப்பேசி படிக்காது. வெளிர் தாளில் அடர் மையில், 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெற்றிடம் விட்டுப் போடுங்கள். இலவச இணையதளங்கள் தரும் ‘மாற்றக்கூடிய’ குறிகள் சில வாரங்களில் காலாவதியாகலாம். வரைபட இணைப்பை நேரடியாகக் குறியாக்கியதே நம்பகம்.

வேற்று மொழி உள்தாளில் மண்டபத்தின் முகவரி விருந்தினரின் மொழியில் மட்டும் இருந்தால் அவருக்குப் புரியும், ஆட்டோக்காரருக்குப் புரியாது. அதே முகவரியைக் கீழே தமிழிலும் ஒரு தரம் போடுங்கள், பக்கத்தில் இருக்கும் பஸ் ஸ்டாப் பெயரோடு.

பிழைதிருத்தம் திரையில் செய்யாதீர்கள். தாளில் எடுத்து, அந்த மொழி படிப்பவர் ஒருவர் தொலைபேசியில் உரக்க வாசிக்க, இந்தப் பக்கம் விவரத்தாளை வைத்துக்கொண்டு ஒருவர் டிக் அடிக்கவேண்டும். எண்களுக்கு மட்டும் தனியாக இரண்டாவது சுற்று: தேதி, கிழமை, மணி, தொலைபேசி. எழுத்தை ‘கர்வ்ஸ்’ ஆக்கியபின், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக மாற்றியபின், இன்னொரு முறை பார்க்கவேண்டும்; அந்தக் கட்டத்தில் சில எழுத்துருக்கள் வேறாக மாறி உட்கார்ந்திருக்கும். கர்வ்ஸ் ஆக்குமுன் உள்ள கோப்பைத் தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு எழுத்தைத் திருத்த முழுதும் திரும்ப அடிக்கவேண்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி எழுத்து மங்கும். டாக்குமெண்டாக, பிடிஎஃப்பாக அனுப்புங்கள். நாலு மொழிக் கோப்பையும் ஒருவருக்கே அனுப்பித் தேடவிடாதீர்கள். கூடவே தேதி, நேரம், இடத்தைத் தட்டச்சு செய்தியாகவும் அதே மொழியில் போடுங்கள். கல்யாணத்தன்று காலையில் யாரும் பிடிஎஃப்பைத் திறந்து பார்ப்பதில்லை, ‘மண்டபம்’ என்று தேடுவார்கள்.

தபாலில் போகும் உறையின் மேல் தமிழில் முகவரி எழுதினால் கொல்கத்தாவிலோ போபாலிலோ தபால்காரருக்குப் புரியாது. ஆங்கிலத்திலோ அந்த மாநில மொழியிலோ எழுதி, ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள். ஒவ்வொரு மொழியிலும் பட்டியலுக்கு மேல் பத்து உள்தாள் கூடுதலாக அடியுங்கள். கடைசி வாரத்தில் நினைவுக்கு வருபவர்கள் எந்த மொழிக்காரர்கள் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. பதிவு அலுவலகத்துக்கென ஆங்கிலப் பெயர் உள்ளதில் ஐந்தை எடுத்துத் தனி உறையில் போட்டு, ஆதார் நகல்களோடு வைத்துவிடுங்கள்.